மலை தானாக முழங்கியது

1929 ஜூன் 11, செவ்வாய்

இந்த வெள்ளைக்காரிக்குப் பைத்தியம்தான் பிடித்திருக்கிறது. இன்று காலை பங்களாவில் இருக்கிற கடிகாரம் அத்தனையையும் நிறுத்திவிட்டாள். ஹாலில் ஆள் உயரத்துக்கு நிற்கிறதே, அதன் பெண்டுலத்தைக் கையாலேயே பிடித்து நிறுத்தினாள். சமையல்காரர் அந்தோணி வாயைப் பிளந்துகொண்டு நின்றார். "முட்டை அவிக்க நான் எதைப் பார்க்க?" என்று என்னிடம் தமிழில் புலம்பினார். நான் மொழிபெயர்க்கவில்லை.

"மனசுக்குள்ளே மணி அடிப்பதில்லை, தபிதா. என் நாவலிலும் அடிக்கப்போவதில்லை" என்றாள் மிஸ் ரோட்வெல்.

தோட்டத்தை நடத்துகிற பெரிய துரையின் கொழுந்தியாள் இவள். லண்டனில் பெரிய எழுத்தாளியாம். போன புத்தகத்தில் கதை என்று ஒன்றுமே கிடையாதாம், அதற்காகவே பத்திரிகைக்காரர்கள் தலைமேல் தூக்கிவைத்து ஆடினார்களாம். அடுத்ததை எழுத இந்த ஆட்டுப்பாறைத் தோட்டத்துக்கு வந்திருக்கிறாள். டைப் அடிக்க ஆள் வேண்டும் என்று கொழும்பிலிருந்து என்னை வரவழைத்தார்கள். பாளையங்கோட்டையில் பிறந்து, மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, கொழும்பில் டைப்ரைட்டிங் பாஸ் பண்ணின தபித்தாள், இவள் வாயில் தபிதா, இப்போது இலங்கை மலையுச்சியில் குளிரில் விறைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஆனால் ஒன்று. நாவல் முடிந்ததும் என்னை லண்டனுக்குக் கூட்டிப்போவாளாம், செக்ரட்டரியாக. இன்று இரண்டாம் தடவையாகச் சொன்னாள். ஊரில் அம்மா எனக்காக ஒரு உபதேசியாரைப் பார்த்து வைத்திருக்கிறாள். மனைவி செத்தவர், மூன்று பிள்ளைகள், மூலவியாதி வேறு. ஆண்டவரே, இவள் எத்தனை கடிகாரத்தை வேண்டுமானாலும் நிறுத்தட்டும், நாவலை மட்டும் முடித்துவிடட்டும்.

1929 ஜூன் 14, வெள்ளி

இந்தத் தோட்டத்துக் கூலிகள் குடியிருக்கிற லயங்களில் ஒருத்தரிடமும் கடிகாரம் கிடையாது. விடியுமுன்னே பெரட்டுத் தப்பு அடிக்கும். மாட்டுத்தோல் பறைதான், இங்கே தப்பு என்கிறார்கள். அது கேட்டதும் எழும்பி, இருட்டோடு பெரட்டுக்களத்துக்கு ஓடி, வரிசையில் நின்று பேர் கொடுக்கவேண்டும். பிந்தி வந்தால் அன்றைக்கு வேலை கிடையாது, திரும்பி நடக்கவேண்டியதுதான். அதனால் அந்தச் சத்தம் கேட்டுவிட்டால் பால்குடிக்கிற பிள்ளையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஓடுவார்களாம்.

மிஸ் ரோட்வெல் அந்தச் சத்தத்தில் சொக்கிப்போய்விட்டாள். காலையில் என்னைப் பிடித்து உலுக்கினாள். "கேட்டாயா? அது காலத்துக்கு முந்தின சத்தம். மனுஷன் வார்த்தை கண்டுபிடிக்குமுன்னே இருந்த சத்தம். ஐரோப்பா அதைத் தொலைத்துவிட்டது."

"இல்லை மேடம், அது வேலைக்குக் கூப்பிடுகிற தப்பு. பெரிய துரை உத்தரவு" என்றேன்.

சிரித்தாள். "அது அவர் சௌகரியத்துக்கு. அதன் வேர் வேறே எங்கேயோ இருக்கிறது."

இருக்கும். பெரிய எழுத்தாளர்களுக்கு நமக்குத் தெரியாததெல்லாம் தெரியும்போல. வாக்கியத்தை உடைக்கவேண்டுமாம், நினைப்பு ஓடுகிற மாதிரியே எழுதவேண்டுமாம். நானும் எழுதிப் பார்த்தேன்: மழை ரொட்டி மறுபடியும் ரொட்டி அம்மா உபதேசியார் மூலம் கப்பல் கப்பல் கப்பல். படித்துப் பார்த்தால் காய்ச்சல்காரி புலம்பின மாதிரி இருக்கிறது. எனக்கு ஒத்துவராது.

1929 ஜூன் 18, செவ்வாய்

மழை. மூன்று நாளாக ஒரு பக்கம்கூட டைப் அடிக்கவில்லை. அவளுக்கு எழுத்து வரவில்லை. அவளுக்கு எழுத்து வராவிட்டால் எனக்கு லண்டன் எங்கிருந்து வரும்?

1929 ஜூன் 20, வியாழன்

வழி பிறந்துவிட்டது. விடியற்காலையில் அவள் அரைத்தூக்கத்தில் இருக்கிறாளாம், அதனால் அந்தச் சத்தம் கைக்கு அகப்படாமல் நழுவுகிறதாம். அவள் எழுதுகிற நேரத்தில், அதாவது ஊரடங்கின பிறகு, அதே தப்பை அதே அடியில் கேட்டால் எழுத்து கொட்டும் என்கிறாள். "ஏற்பாடு செய்வாயா, தபிதா?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். கை ஜில்லென்று இருந்தது.

மத்தியானம் குடையைப் பிடித்துக்கொண்டு கீழ் லயத்துக்குப் போனேன். தப்பு அடிக்கிறவன் பேர் சங்கிலியன். நெடுநெடுவென்று இருப்பான், நாற்பது வயசு இருக்கும். பெண்டாட்டி காத்தாயி சாக்கை விரித்து, "உட்காருங்க மிஸ்ஸியம்மா" என்றாள். உட்காரவில்லை, சேலை ஈரம்.

"தொரசாணி கேக்குறாங்களா? எந்த அடி வேணும்? சாமி அடியா, கல்யாண அடியா?" என்று சங்கிலியன் கேட்டான்.

"காலையில் அடிக்கிறது. பெரட்டு அடி."

என்னவோ தயங்கினான். சமாதானம் சொல்லிவிட்டு வந்தேன். அடிக்கிறேன் என்று ஒத்துக்கொண்டான். மிஸ் ரோட்வெல்லிடம் சொன்னதும் சின்னப்பிள்ளை மாதிரி கைதட்டினாள். ஸ்தோத்திரம். எனக்குச் சீக்கிரமே தூக்கம் வருகிறது.

1929 ஜூன் 21, வெள்ளி

ஐயோ. ஐயோ ஆண்டவரே. எழுதினாலாவது மனசு ஆறுமா என்று பார்க்கிறேன்.

தப்புச் சத்தம் கேட்டு நானே விடிந்துவிட்டது என்று நினைத்தேன். எழும்பி முகம் கழுவி, தலைகூடச் சீவினேன். ஜன்னலைத் திறந்தால் கும்மிருட்டு, கொட்டுகிற மழை. பிறகுதான் ஞாபகம் வந்தது. வந்தும், அட நம்ம ஏற்பாடுதானே என்று மறுபடி படுத்துவிட்டேன்.

சனம் படுக்கவில்லை. மேல் லயம், கீழ் லயம், ஆற்றுக்கு அந்தப் பக்கத்து லயம் எல்லாம் எழும்பிவிட்டது. கூடையை மாட்டிக்கொண்டு, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, பந்தம் கொளுத்திக்கொண்டு பெரட்டுக்களத்துக்கு ஓடியிருக்கிறார்கள். அங்கே ஒரு ஆளும் இல்லை. ஆனாலும் திரும்பவில்லை. பேர் எழுதுகிற கணக்கப்பிள்ளை வருவார் வருவார் என்று மழையிலேயே வரிசையில் நின்றிருக்கிறார்கள்.

ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரவேண்டுமானால் ஒற்றைமரப் பாலத்தைத் தாண்டவேண்டும். இருளாயி என்று ஒருத்தி, கொழுந்து பறிக்கிறவள். பிந்திவிடுமோ என்று பிள்ளையைப் பக்கத்து வீட்டில் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறாள். பந்தம் மழையில் அணைந்துவிட்டதாம். ஆறு அவளை இழுத்துக்கொண்டு போய் ஆலைக்குப் பின்னால் பாறை இடுக்கில் வைத்திருந்தது. வெளிச்சம் வந்தபிறகுதான் கண்டெடுத்தார்கள். பிள்ளைக்கு ஆறு மாசம்.

நான் போய்ப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. கூடை முதுகிலேயே இருந்தது.

ஓடி வந்து மிஸ் ரோட்வெல் கதவைத் தட்டினேன். முகமெல்லாம் ஜொலிக்க எழுதிக்கொண்டிருந்தாள். "மேடம், ஒரு பெண் செத்துப்போனாள்" என்றேன். பேனாவை வைத்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது, பொய் சொல்லக் கூடாது, நிஜமாகவே வந்தது. "ஜன்னலிலிருந்து பார்த்தேன், தபிதா. இருட்டிலிருந்து விளக்கு விளக்காகப் புறப்பட்டு வந்தது. எதற்கு வருகிறோம் என்று தெரியாமலே வந்தார்கள். என் ஆயுசில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை" என்றாள்.

எதற்கு வருகிறோம் என்று தெரியாமலா? வேலைக்கு வந்தார்கள். கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

1929 ஜூன் 22, சனி

இருளாயியை அடக்கம் பண்ணினார்கள். சாவுத் தப்பு அடித்தது யார் என்று நினைக்கிறாய்? சங்கிலியன்தான். இங்கே வேறே ஆள் இல்லை. அழுதுகொண்டே அடித்தான். புருஷன்காரன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மண்ணைப் பார்த்தபடி நின்றான்.

மிஸ் ரோட்வெல் வராந்தாவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து காதைக் கொடுத்துக் கேட்டாள். "இது வேறே மாதிரி இருக்கிறதே. அன்றைக்கு இருந்த ஆழம் இதில் இல்லை" என்றாள்.

செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது எனக்கு.

பிறகு டைப் அடிக்கக் கொடுத்தாள். முழு அத்தியாயம், ஒரே மூச்சில் எழுதினது, புள்ளி கமா ஒன்றும் இல்லை. என்ன எழுதியிருக்கிறாள் தெரியுமா? மலை தானாக முழங்கியதாம். அதன் பழைய தாளத்துக்குப் பழுப்பு உருவங்கள் மண்ணிலிருந்து எழும்பி வந்ததாம். அதில் ஒன்று தண்ணீருக்குத் திரும்பியதாம், இலை உதிர்கிற மாதிரி. அவ்வளவுதான், ஒரு அரை வரி. பிறகு கதாநாயகி ஜன்னல் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து நாலு பக்கத்துக்கு யோசிக்கிறாள்.

எழுத்து அழகாகத்தான் இருக்கிறது. அதுதான் என்னைக் கொல்லுகிறது. அரை வரியை இரண்டு தடவை அடித்தேன், முதல் தடவை தாள் நனைந்துவிட்டது.

"அவளுக்கு ஒரு பேர் இருக்கிறது, மேடம்" என்றேன்.

"பேர் போட்டால் அது செய்தித்தாள் ஆகிவிடும்."

"தப்பை அடிக்கச் சொன்னது யார் என்றும் இதில் இல்லையே."

"யாரும் சொல்லவில்லை" என்றாள், எனக்குப் பாடம் நடத்துகிற மாதிரி மெதுவாக. "அதில்தான் அழகு, தபிதா."

1929 ஜூன் 24, திங்கள்

டவுனிலிருந்து விசாரணைக்கு ஒரு சர்க்கார் துரை, சின்ன வயசுக்காரர், வந்தார். சீமையிலிருந்து வந்து சில மாசம்தான் ஆகிறதாம், தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. கணக்கப்பிள்ளை மொழிபெயர்த்தால் தோட்டத்து ஆள் பேச்சு ஆகிவிடும், வெளி ஆளாக, படித்த கிறிஸ்தவப் பெண்ணாக நான் இருக்கிறேனே என்று என்னை உட்காரவைத்தார்கள்.

அதற்கு முன்னால், காலையில், மிஸ் ரோட்வெல் எனக்கு டீ ஊற்றிக் கொடுத்தாள். அவளே ஊற்றினாள். கப்பல் கம்பெனிக்கு எழுதிவிட்டாளாம். என் பேரில் ஒரு கேபின், ஆகஸ்டில் புறப்பாடு. விசாரணையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆபீஸ் அறையில் விசாரணைத் துரை மேஜைக்குப் பின்னால். பெரிய துரை ஜன்னலோரம். கணக்கப்பிள்ளை சுவரோரம் நின்றார். அவர் முதலில் இங்கிலீஷில் சொல்லிவிட்டார்: சங்கிலியன் குடிகாரன், வெறியில் நேரம் தெரியாமல் அடித்துவிட்டான். சங்கிலியன் கைகட்டி நின்றான். அவனை வெளியே அனுப்பினால் பத்துச்சீட்டு கொடுக்கமாட்டார்கள். அந்தச் சீட்டு இல்லாதவனை இந்த மலையில் வேறே எந்தத் தோட்டமும் வேலைக்கு எடுக்காது. காத்தாயி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"யார் உன்னை அந்த நேரத்தில் அடிக்கச் சொன்னது?" என்று விசாரணைத் துரை கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

சங்கிலியன் என்னைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னான். "இந்த மிஸ்ஸியம்மாதாங்க வந்து சொன்னாங்க, தொரசாணி கேக்குறாங்கன்னு. பெரட்டு அடி அடிச்சா சனம் எந்திரிச்சிருமே தாயின்னு நான் சொன்னேங்க. ரெண்டு வாட்டி சொன்னேன். எந்திரிச்சா மறுபடி படுத்துக்குவாங்க, தொரசாணி சொல்லைத் தட்டக்கூடாது, அடின்னு சொல்லிட்டாங்க. நான் அன்னைக்குக் குடிக்கலிங்க. எங்காத்தா மேல ஆணையா குடிக்கல."

கோபமாகச் சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கிற மாதிரியும் சொல்லவில்லை. நடந்ததை நான் எடுத்துச் சொல்லுவேன் என்று நம்பிச் சொன்னான்.

எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். பெரிய துரை பைப்பைப் பற்றவைத்தார்.

நான் இங்கிலீஷில் சொன்னேன். தடங்கல் இல்லாமல், ஒரு இலக்கணப் பிழை இல்லாமல் சொன்னேன்.

விசாரணைத் துரை எழுதிக்கொண்டே உரக்கப் படித்தார்: குடித்திருந்ததை ஒப்புக்கொள்கிறான், நேரம் தெரியவில்லை என்கிறான், வருத்தப்படுகிறான். மூடிவைத்தார். பெரிய துரை ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்தபோது சங்கிலியன் படியில் நின்றுகொண்டிருந்தான். காத்தாயியும் எழுந்தாள். இரண்டு பேரும் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

"நல்லா எடுத்துச் சொன்னீங்க தாயி. எம்புட்டு நேரம் பேசுனீங்க. நீங்க இல்லேன்னா எங்களுக்கு யாரு இருக்கா?"

1929 ஜூன் 25, செவ்வாய்

ஜெபம் பண்ண முட்டி போட்டேன். எழும்பிவிட்டேன்.

1929 ஜூன் 26, புதன்

சங்கிலியனைத் தோட்டத்தைவிட்டு வெளியேறச் சொல்லிவிட்டார்கள். பத்துச்சீட்டு கிடையாது. கணக்கப்பிள்ளை லயத்துக்குப் போய்ச் சாமானை வாசலில் எடுத்துப் போட்டாராம். அந்தோணி சமையல்கட்டில் சொல்லிச் சொல்லி ஆறவில்லை. "அவன்தான் அந்த விசாரணைத் துரைகிட்ட எல்லாத்தையும் சொன்னேன்னு சொல்றானேம்மா. எப்படி இப்படித் தீர்ப்பு ஆச்சு?" என்று என்னையே கேட்டார்.

சோற்றை வைத்துவிட்டு நேரே ஆபீசுக்குப் போனேன். அனுமதிகூடக் கேட்கவில்லை. பெரிய துரை தனியாக இருந்தார். இங்கிலீஷில் கொட்டினேன். நான் பொய் சொன்னேன். சங்கிலியன் சொன்னது அது இல்லை. மிஸ் ரோட்வெல் கேட்டார்கள், நான் போய்ச் சொன்னேன், அவன் வேண்டாம் என்றான், நான் அடி என்றேன். டவுனுக்கு எழுதி மறுபடி விசாரிக்கச் சொல்லுங்கள்.

முழுக்கக் கேட்டார். பைப்பைத் தட்டினார். பிறகு தமிழில் பேசினார். கொஞ்சமும் கொச்சை இல்லாத தமிழ்.

"இருபத்தைந்து வருஷமாக இந்த மலையில் இருக்கிறேன், மிஸ். அவன் சொன்னது எனக்குப் புரியாது என்றா நினைத்தாய்?"

நான் பொய் சொல்லச் சொல்ல, இந்த மனுஷன் இரண்டு பாஷையையும் கேட்டுக்கொண்டு மழையைப் பார்த்திருக்கிறார்!

"நான் உன்னை ஒன்றும் கேட்கவில்லை. நீயாகவே செய்தாய். நன்றாகவே செய்தாய். லண்டனுக்குப் போ" என்றார். அதற்குமேல் பேசினால் பொய் சாட்சி சொன்ன குற்றத்துக்கு நான்தான் முதலில் உள்ளே போகவேண்டும் என்பதையும் அதே நல்ல தமிழில் சொன்னார்.

மிஸ் ரோட்வெல்லிடம் போனேன். அவளாவது சொல்லட்டும். புருவத்தைச் சுருக்கினாள். "நான் உத்தரவு போட்டேனா? கேட்டால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். நினைப்பதெல்லாம் உத்தரவா?" என்றாள். பிறகு, நிஜமான பிரியத்தோடு, "உனக்குக் குற்ற உணர்ச்சி அருமையாக வருகிறது, தபிதா. அதை எழுது" என்றாள்.

அடிப்பாவி. அடிப்பாவி. அடிப்பாவி. அவளை மட்டும் சொல்லவில்லை.

1929 ஜூன் 27, வியாழன்

விடியுமுன்னே தப்பு அடித்தது. வேறே யாரோ அடித்தார்கள், கை பழகவில்லை, தாளம் பிசகியது. அதற்கும் சனம் எழும்பி ஓடியது.

சங்கிலியன் குடும்பம் இந்தியாவுக்குத் திரும்பப் போகிறது, மத்தியான ரயிலுக்கு ஸ்டேஷனுக்கு நடந்து போயிருக்கிறார்கள் என்று அந்தோணி சொன்னார். இந்தியாவில் அவர்களுக்கு யாரும் இல்லை. காத்தாயி இங்கேயே லயத்தில் பிறந்தவள், கடலையே பார்த்ததில்லை. மிஸ் ரோட்வெல் மேஜையில் புது அத்தியாயம் வைத்திருந்தாள். அதை அப்படியே விட்டுவிட்டு இறங்கினேன். குடையை எடுக்க மறந்துவிட்டேன். சுற்றுப்பாதையில் போனால் பிந்திவிடும் என்று தேயிலைக்குள் விழுந்து ஓடினேன். முழங்கையெல்லாம் கீறல்.

பிளாட்பாரத்தின் கோடியில் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் காத்தாயி எழுந்து, முந்தானையால் மூட்டையைத் துடைத்து, "உட்காருங்க மிஸ்ஸியம்மா, எங்களை வழியனுப்ப வந்தீங்களா" என்றாள். அவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில். இந்தத் தடவை ஈரத்திலேயே உட்கார்ந்தேன்.

சங்கிலியனின் முகம் ஒரு வாரத்தில் ஒட்டிப்போயிருந்தது. "நீங்க வருத்தப்படாதீங்க தாயி" என்றார். "நீங்க எங்களுக்காக எம்புட்டோ பேசுனீங்க. அந்தத் தொர மனசு எறங்கல. நாம என்ன பண்றது?"

வரும்போது வழியெல்லாம் என்ன சொல்லவேண்டும் என்று கோத்துக்கொண்டுதான் வந்தேன். எல்லாம் போய்விட்டது. பச்சையாகச் சொன்னேன். நீங்கள் சொன்னதை நான் சொல்லவில்லை. நீங்கள் குடித்திருந்ததாகச் சொன்னேன். என் பேரும் அவள் பேரும் வெளியே வரக்கூடாது என்று அப்படிச் சொன்னேன். வாருங்கள், இப்போதே டவுனுக்குப் போவோம், நான் ஜெயிலுக்குப் போனாலும் சரி, அந்தத் துரையிடம் உள்ளதைச் சொல்லுகிறேன்.

காத்தாயி முந்தானையைக் கையில் பிடித்தபடியே நின்றாள். திட்டுவாள் என்று பார்த்தேன். முகத்தில் காறித் துப்புவாள் என்று பார்த்தேன். துப்பியிருந்தால் துடைத்துக்கொண்டிருப்பேன். அவள் திரும்பி மூட்டையை அவிழ்த்து, சும்மாவே மறுபடி இறுக்கிக் கட்டினாள்.

ரயில் மலைவளைவில் கூவியது. ஆட்கள் எழுந்து நின்றார்கள். சங்கிலியன் எழவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் வருமென்று எத்தனை நேரம் காத்திருந்தேனோ தெரியாது, அது வரவில்லை. ஏதோ கணக்குப் பிடிபடாதவர் மாதிரி நெற்றியைச் சுருக்கினார்.

"அப்போ நான் அன்னைக்குப் பேசுனது," என்றார், "அந்தத் தொர காதுக்குப் போகவே இல்லியா தாயி?"

இல்லை என்றேன்.